சுவரில் ஒட்டிய பலூன்: மின்னூட்டப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடையில் கானாடுகாத்தான் உறவினர் வீட்டில் குழந்தைக்குப் பிறந்தநாள். வீட்டின் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய சுவர். கை வைத்தால் வழுக்கும். ஒரு சிறுமி பலூனைத் தலைமுடியில் தேய்த்து அதில் வைத்ததும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவள் அண்ணன் உடனே விளக்கம் சொன்னான்: "பலூன்ல மைனஸ் மாமா, அப்ப சுவர்ல பிளஸ்."

காரைக்குடியில் இயற்பியல் டியூஷன் எடுக்கும் நான் இந்தப் பதிலை வருடா வருடம் கேட்கிறேன். "சுவரை யாரும் எதிலும் தேய்க்கவில்லையே, பிளஸ் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். பையன் யோசிக்க ஆரம்பித்தான்.

அந்தச் சுவர் நடுநிலையில் இருக்கிறது. நடுநிலை என்றால் மின்னூட்டமே கிடையாது என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். உண்மையில் சுவரின் ஒவ்வொரு அணுவிலும் புரோட்டானும் எலக்ட்ரானும் இருக்கின்றன. இரண்டும் சமமாக இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது, அவ்வளவுதான். எதிர்மின்னூட்டம் கொண்ட பலூன் அருகில் வந்ததும் சுவரின் மூலக்கூறுகளில் உள்ள எலக்ட்ரான்கள் துளி உள்பக்கமாகத் தள்ளப்படுகின்றன. நேர்மின் பக்கம் பலூனுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது, எதிர்மின் பக்கம் கொஞ்சம் விலகுகிறது. தொலைவு கூடினால் விசை குறையும் என்பதால் ஈர்ப்பு விலக்கலை ஜெயித்துவிடுகிறது. இதற்குப் பெயர் மின்முனைவாக்கம். சுவரின் மொத்த மின்னூட்டம் இப்போதும் சுழிதான்.

ஆகவே, ஒரு பொருள் ஈர்க்கப்பட்டால் அதில் எதிர்வகை மின்னூட்டம் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மின்னூட்டமே பெறாத காகிதத் துண்டும்தான் முடியில் தேய்த்த சீப்பிடம் ஓடி வருகிறது. உறுதியான சோதனை விலக்கல் மட்டுமே: இரண்டும் ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருந்தால்தான் ஒன்றையொன்று தள்ளும். பிளாஸ்டிக் கவரில் இரண்டு நீளத் துண்டுகள் வெட்டி, ஒரே துணியால் தேய்த்து, அருகருகே தொங்கவிட்டுப் பாருங்கள். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை அப்புறம் மறக்காது.

அடுத்தது, "உரசினால் மின்னூட்டம் உருவாகிறது" என்று எழுதுவது. உருவாவதில்லை, இடம் மாறுகிறது. முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போகின்றன. சீப்புக்கு வந்த அளவும் முடி இழந்த அளவும் ஒன்றே. புரோட்டான் அணுக்கருவை விட்டு நகர்வதில்லை. எனவே நேர்மின்னூட்டம் பெற்ற பொருள் என்றால் எலக்ட்ரானை இழந்த பொருள். அதன் நிறைகூட அளக்க முடியாத அளவு குறைந்திருக்கும்.

உலோகத்துக்கு மின்னூட்டம் ஏற்ற முடியாது என்பதும் தவறு. கையில் பிடித்துக்கொண்டு தேய்த்தால் வந்தது உடல் வழியாக நிலத்துக்குப் போய்விடுகிறது. ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தெர்மகோல் மேல் வையுங்கள். தேய்த்த சீப்பை அருகில் கொண்டுபோய், தொடாமல் பிடித்தபடி டம்ளரை விரலால் தொடுங்கள். முதலில் விரலை எடுங்கள், பிறகுதான் சீப்பை. டம்ளர் இப்போது சீப்புக்கு எதிர்வகை மின்னூட்டத்தோடு நிற்கும். இந்த வரிசையை மாற்றி எழுதித்தான் நிறையப் பேர் மார்க் இழக்கிறார்கள். சீப்பை முதலில் எடுத்தால் டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதிக் கணக்கில் தொலைவை மீட்டராக மாற்ற மறந்துவிடாதீர்கள். 0.1 மீட்டருக்குப் பதில் 10 என்று போட்டால் விதியில் தொலைவின் வர்க்கம் வருவதால் விடை 10,000 மடங்கு பிசகும். பெரிய மின்னூட்டம் சிறியதை அதிகமாக இழுக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டின் மேலும் ஒரே அளவு விசைதான், திசை மட்டும் எதிர். அப்புறம், மின்னூட்டத்தின் அலகான கூலூமில் 1 என்பதைச் சின்ன அளவாக எண்ணிவிடுகிறார்கள். 1 கூலூம் கொண்ட இரண்டு சிறு பொருள்களை 1 மீட்டர் இடைவெளியில் வைத்தால் விசை 900 கோடி நியூட்டன், அதாவது சுமார் 9 லட்சம் டன் எடை. சீப்பில் சேர்வது கூலூமில் நூறு கோடியில் சில பங்குகள்தான்.

நிலைமின்சாரம் வேறு, கம்பியில் ஓடும் மின்சாரம் வேறு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இரண்டிலும் அதே எலக்ட்ரான்தான், ஒன்றில் தங்கியிருக்கிறது, மற்றதில் ஓடுகிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட எங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்கலம், உலோக அரிமானம் என்று ஆராய்வதும் மின்னூட்டங்களின் நகர்வைத்தான்.

அன்று அந்த வீட்டு ஆச்சி ஒன்று சொன்னார்: "நைலக்ஸ்தான் காலைச் சுத்தும். கண்டாங்கி கட்டினா இந்தத் தொல்லையே இல்ல." மிகச் சரியான கவனிப்பு. பருத்தி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அதில் மின்னூட்டம் தங்காமல் கசிந்துவிடுகிறது. செருப்பைத் திண்ணையோடு கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குச் சுருக்கென்ற அதிர்ச்சி அரிதாக வருவதும் இதே போலத்தான். சிமென்ட் கல், பிளாஸ்டிக் விரிப்பைப் போல மின்னூட்டத்தைத் தடுத்து வைப்பதில்லை.

அதே ஈரம்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்முறையைக் கெடுக்கிறது. பாடம் தப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சீப்பையும் துணியையும் வெயிலில் காயவைத்து, பங்குனி மதியத்தில் செய்து காட்டுங்கள். காகிதம் தானாகத் துள்ளி ஏறும்.