ஃபோர்க்கை அளந்த பிறகு வாங்குங்கள்: ரிஜிட் சிங்கிள் ஸ்பீடு மலைச்சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் மெரின் கவுண்டியின் ஃபேர்ஃபேக்ஸ் ஊரை ஒட்டிய மலைகளில், ஒரே கியரும் (சிங்கிள் ஸ்பீடு), சஸ்பென்ஷன் இல்லாத (ரிஜிட்) ஃபோர்க்கும், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையும், கொண்ட சைக்கிளைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். சென்ற மாதம் மலையடிவாரத்தில், பழைய கியர் வண்டிகளைத் தாங்களே சிங்கிள் ஸ்பீடாக மாற்றிக்கொண்டு வந்திருந்த இரண்டு இளைஞர்களைச் சந்தித்தேன். அரை மணி நேரம் அவர்களுக்குப் பின்னால் சென்றதில், முதல் ஆண்டில் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக என் கண்முன்னே மீண்டும் நடந்தன. தலைக்கவசம், தண்ணீர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டயரில் அச்சிட்ட அளவுக்குக் காற்று அடித்தல்

டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தமே தவிர, நாம் அடிக்க வேண்டிய அளவு அன்று. ரிஜிட் வண்டியில் நம் கைகளுக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் ஒரே மெத்தை டயருக்குள் இருக்கும் காற்றுதான். அதை 35 பவுண்டுக்கு இறுக்கிவிட்டால், சக்கரம் கல்லின் மேல் படிந்து உருளாமல் துள்ளிக்கொண்டே போகும். என் எடை 70 கிலோ. 29 அங்குலச் சக்கரத்தில் 2.6 அங்குல டியூப்லெஸ் டயருக்கு முன்னால் 17 பவுண்டும் பின்னால் 20 பவுண்டும் வைத்திருக்கிறேன். உங்களுக்குரிய அளவைக் கண்டுபிடிக்க, பழகிய ஒரு தடத்தில் ஒவ்வொரு பவுண்டாகக் குறைத்துக்கொண்டே வந்து, ரிம் கல்லைத் தொடும் ஓசை கேட்டதும் 2 பவுண்டு கூட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

சமதளத்தை வைத்துக் கியரைத் தேர்ந்தெடுத்தல்

ஊரில் நாம் ஓட்டி வளர்ந்த சைக்கிளும் ரிஜிட் சிங்கிள் ஸ்பீடுதான். ஆனால் அதன் கியர் சமதளச் சாலைக்காக அமைந்தது. மலையில் அந்த நினைவு உதவாது. 29 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 32 பற்களும் பின்னால் 20 பற்களும் இருந்தால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 3.7 மீட்டர் நகரும். இங்குள்ள ஏற்றங்களுக்குத் தொடங்க அது பொருத்தமானது. கால் வலுத்த பிறகு பின்பல்லை 19 ஆகவோ 18 ஆகவோ மாற்றிக்கொள்ளலாம்.

ஃபோர்க்கின் நீளத்தைப் பார்க்காமல் வாங்குதல்

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்தத் தவறுதான். அந்த இளைஞர்களில் ஒருவர் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனுக்காக வடிவமைக்கப்பட்ட 26 அங்குல ஃபிரேமில், குறைந்த எடைக்காகத் தேர்ந்தெடுத்த ஒரு குட்டையான ரிஜிட் ஃபோர்க்கைப் பொருத்தியிருந்தார். என்னிடமிருந்த நாடாவால் அளந்து பார்த்தபோது, சக்கர அச்சின் நடுவிலிருந்து, ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் தோள்வரை 410 மில்லிமீட்டர்தான் இருந்தது. அவர் கழற்றிப் போட்ட சஸ்பென்ஷன் ஃபோர்க் போன்றவை 470 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

அந்த 60 மில்லிமீட்டர் வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் குறையும்போதெல்லாம் ஹெட் டியூப்பின், அதாவது ஃபோர்க்கைத் தாங்கும் ஃபிரேமின் முன்குழாயின், கோணம் ஏறத்தாழ 1 பாகை நிமிர்கிறது. எனவே 71 பாகையில் சாய்ந்து நிற்க வேண்டிய ஹெட் டியூப், சாலைப் பந்தய வண்டியையும் மிஞ்சி 74 பாகைக்கு நிமிர்ந்துவிடும். முன்சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் பக்கவாட்டில் மடங்கப் பார்க்கும். இறக்கத்தில் உடல் எடை முழுவதும் கைகளின் மேல் வந்து சாயும். பெடல்களின் கைகளான கிராங்கைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) அச்சு 24 மில்லிமீட்டர் வரை தரையை நோக்கி இறங்குவதால், முன்பு எளிதாகத் தாண்டிய பாறைகளில் பெடல் இடிக்கும். சிங்கிள் ஸ்பீடில் ஏற்றத்தின் நடுவே பெடலை நிறுத்தவும் முடியாது என்பதால், இடி தப்பாமல் விழும்.

இதை நான் உடம்பால் கற்றேன். என் முதல் வண்டிக்கு ஃபோர்க் விற்ற கடையில் எடையைக் கிராம் கணக்கில் சொன்னார்களே தவிர நீளத்தைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. மூன்றாவது வாரம், ஓர் இறக்கத்தின் வளைவில் இடப்பெடல் பாறையில் மோத, சக்கரம் மடங்கி, நான் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டேன். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். ஃபோர்க்கிலிருந்து மேலே ஹெட் டியூப்புக்குள் செல்லும் ஸ்டீரர் குழாயை என் வண்டிக்கேற்ப அறுத்துவிட்டிருந்ததால் கடை அந்த ஃபோர்க்கைத் திரும்பப் பெறவில்லை. அதே பொருளை இன்றும் எடையை மட்டும் பெரிதாகச் சொல்லித் தொடக்கக்காரர்களிடம் விற்பதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இந்த மலைகளிலேயே இதற்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1976 அக்டோபர் 21 அன்று ரீபேக் பாதையில் முதல் இறக்கப் பந்தயம் நடந்தபோது, ஏறத்தாழ 1,300 அடி இறங்கும் அந்த மண்சாலையில் பந்தயக்காரர்கள் ஓட்டியவை, பெடலைப் பின்னோக்கி மிதித்து நிறுத்தும், ஷ்வின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சைக்கிள் போன்ற வண்டிகள். ஒரே ஓட்டத்தில் பிரேக்கின் சூட்டில் கிரீஸ் எரிந்துபோய், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பிரித்து மறுபடியும் கிரீஸ் நிரப்ப (ஆங்கிலத்தில் ‘ரீபேக்’) வேண்டியிருந்ததால்தான் பாதைக்கே அந்தப் பெயர் வந்தது. சஸ்பென்ஷன் இல்லாத அந்த வண்டிகளைக் காப்பாற்றியவை அகன்ற டயரும் நன்கு சாய்ந்த ஹெட் டியூப்பும். குட்டை ஃபோர்க் அந்தச் சாய்வைத்தான் பறித்துக்கொள்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது எளிது. சஸ்பென்ஷன் ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே, வழக்கமான சுமையோடு நீங்கள் ஏறி நிற்க, நண்பர் ஒருவரை அச்சிலிருந்து தோள்வரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் எடைக்கு ஃபோர்க் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை அமுங்கியிருக்கும். அமுங்கிய அந்த நீளத்துக்கு ஒத்த ரிஜிட் ஃபோர்க்கையே வாங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் கொண்ட 26 அங்குல ஃபிரேமுக்கு அது 445 மில்லிமீட்டரை ஒட்டியும், 29 அங்குல ஃபிரேமுக்கு 480 மில்லிமீட்டரை ஒட்டியும் வரும். மறுபக்கத் தவறும் உண்டு: சஸ்பென்ஷன் வருவதற்கு முந்தைய பழைய ஃபிரேமில் நீண்ட ஃபோர்க்கைப் போட்டால், ஹெட் டியூப் இணைப்பில் விசை கூடி ஃபிரேம் விரிசல் விடக்கூடும். வண்டியை ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்கும்வரை ஸ்டீரர் குழாயை அறுக்காதீர்கள்.

ஹேண்டில்பாரை இறுகப் பற்றுதல்

பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். முழங்கையை மடக்கிப் பிடியைத் தளர்த்துங்கள்.

கற்களின் மேல் பிரேக் பிடித்தல்

சஸ்பென்ஷன் இல்லாத முன்சக்கரம் கற்குவியலில் பாதி நேரம் தரையைத் தொடுவதில்லை. அந்த வேளையில் பிரேக்கை இறுக்கினால், சக்கரம் நின்றுபோய், அடுத்த கல்லைத் தொடும்போது வழுக்கும். கற்கள் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அவற்றின் மேல் பிரேக்கை விட்டு உருள விடுங்கள்.

ஃபுல் சஸ்பென்ஷன் நண்பரின் தடத்தைப் பிடித்தல்

அவருடைய வண்டியில் இரு சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் இருக்கிறது; அவருடைய தடம் உங்களுக்கானது அன்று.

செயினை அளவுக்கு மீறி இறுக்குதல்

தளர்ந்த செயின் எழுந்து நின்று மிதிக்கும்போது கழன்று, முழங்கால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் இடிக்கும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள், பிறகு அதை வீணைத் தந்திபோல் இறுக்கி ஃப்ரீவீலையும் பி.பி.யின் பேரிங்கையும் தேய்த்துவிடுகிறார்கள். முன்னால் உள்ள பல்சக்கரமான செயின்ரிங் துல்லியமான வட்டமாக அமைவது அரிது என்பதால், கிராங்கை மெதுவாகச் சுற்றினால் செயின் ஓரிடத்தில் இறுகும், வேறோரிடத்தில் தளரும். மிகவும் இறுகும் இடத்தில் அது மேலும் கீழுமாக 1 சென்டிமீட்டர் அசைய வேண்டும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இதை மறுபடி பார்த்துவிட்டு, அச்சின் நட்டுகளை முழு பலத்தோடு முடுக்குங்கள்.