வீட்டுவசதி, கட்டுமான ஆய்வேடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜூன் 9 அன்று தமிழ்நாட்டில் நிலத்தின் விலை ஒரே நாளில் 33 சதவீதம் சரிந்தது. 2023 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் 49 சதவீதம் ஏறியது. பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து விலைக் கோடு வரைந்தால் படம் இப்படித்தான் வரும். ஆனால் அந்த இரண்டு நாட்களிலும் சந்தையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் தேதியில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. இரண்டாவது தேதியில் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டு, கட்டணத்தை 2 சதவீதமாக்கியது. 67 ரூபாய் மறுபடி 100 ரூபாயானால் கணக்குப்படி அது 49 சதவீத ஏற்றம். அவ்வளவுதான்.

வீட்டுவசதி, ரியல் எஸ்டேட், கட்டுமான மேலாண்மை ஆகியவற்றில் ஆய்வேடு எழுதும் மாணவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இனம்தான். ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கைச் சரியாகப் போட்டிருப்பார்கள், அட்டவணை அழகாக இருக்கும். ஆனால் உள்ளே போன எண் எதற்காகப் பதிவானது என்று கேட்டிருக்க மாட்டார்கள். இந்தத் துறையில் நமக்குக் கிடைக்கும் தரவு அநேகமாக எல்லாமே வேறு யாரோ வேறு வேலைக்காகக் குறித்து வைத்தது. வரி வசூலிக்க, அனுமதி கொடுக்க, பில் பாஸ் செய்ய. அந்த வேலையின் சாயல் எண்ணில் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

விலையையே எடுத்துக்கொள்வோம். வழிகாட்டி மதிப்பு வேண்டாம், பத்திரத்தில் எழுதிய தொகையை எடுக்கிறேன் என்பார்கள் சிலர். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதன்மேல் பதிவுக் கட்டணம் என்று இருக்கும்போது, வழிகாட்டி மதிப்பை ஒட்டியே தொகையை எழுத வாங்குபவருக்கும் விற்பவருக்கும் காரணம் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவதைப் பார்த்து, இதுதான் சந்தை விலை என்று எடுத்துவிடக் கூடாது. தீர்வை கணக்கிடுவதற்கான மதிப்பு அது.

அடுக்குமாடி வீடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. சென்னையில் புது ஃபிளாட் வாங்கினால், பிரிக்கப்படாத நிலப் பங்குக்கு ஒரு கிரையப் பத்திரமும் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தமும் போடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் நிலப் பங்கின் தொகை மட்டுமே அந்தக் கிரையப் பத்திரத்தில் இருக்கும். அதை ஃபிளாட்டின் பரப்பால் வகுத்துச் சதுர அடி விலை என்று எழுதினால், ஒரு கோடி ரூபாய் வீடு முப்பது, நாற்பது லட்சமாகத் தெரியலாம். 2023 இறுதியில் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டு மதிப்பு முறை வந்தது. அதனால் அதற்கு முந்தைய பத்திரங்களையும் பிந்தைய பத்திரங்களையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடியாது. மறுவிற்பனை வீடுகளைப் புதிய வீடுகளோடு கலக்கவும் கூடாது.

சரி, எதைத்தான் எடுப்பது? குற்றமற்ற தரவு என்று ஒன்று இல்லை. இணைய விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் என்ற வீட்டு விலைக் குறியீட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று கடன் கொடுக்கும் நிறுவனங்கள் செய்த மதிப்பீட்டிலிருந்து வருவது, மற்றது கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீடுகளின் சந்தை விலையிலிருந்து வருவது. எந்த வகை என்று சொல்லாமல் ரெசிடெக்ஸ் என்று மட்டும் எழுதும் ஆய்வேட்டை யாரும் சரிபார்க்க முடியாது. ஒரு பகுதியை மட்டும் ஆராய்பவர்களுக்கு என் யோசனை இது: அங்கே சமீபத்தில் வாங்கியவர்களை நேரில் கண்டு, பெயர் இல்லாமல், உண்மையில் கொடுத்த தொகையைக் கேளுங்கள். முப்பது பேர் சொன்னால்கூட, பத்திரத் தொகைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று ஒரு பிடி கிடைக்கும். பரப்பு வீட்டுக்குள் புழங்கும் கார்ப்பெட் ஏரியாவா, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப்பா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மெட்ரோ வந்ததால் விலை எவ்வளவு ஏறியது என்பது பலரும் எடுக்கும் தலைப்பு. கோயம்பேடு - ஆலந்தூர் ரயில் ஓடத் தொடங்கியது 2015 ஜூன் 29 அன்று. அந்தத் தேதிக்கு முன், பின் என்று பிரித்து ஒப்பிடுவது தவறு. பணிகள் 2009-லேயே ஆரம்பித்துவிட்டன, பாதை எது என்பது அதற்கும் முன்பே தெரியும். நிலம் வாங்குபவர்கள் ரயில் ஓடும்வரை காத்திருப்பதில்லை. ஏற்றத்தில் ஒரு பகுதி 'முன்' என்ற கட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

ரெரா தரவில் யார் இல்லை?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் திட்ட விவரங்கள் கிடைப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய வரம். ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்திலோ 8 வீடுகளுக்கு மிகாமலோ கட்டினால் பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டு சேர்த்தாலும் 446-தான். சென்னையின் உட்தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்து நாலு ஃபிளாட், ஆறு ஃபிளாட் கட்டும் சின்ன புரமோட்டர்கள் இந்தத் தரவில் வரவே மாட்டார்கள். நங்கநல்லூரிலும் மேற்கு மாம்பலத்திலும் நடந்து பார்த்தால் அவர்கள் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று தெரியும். ரெரா பட்டியலை மட்டும் வைத்து 'சென்னையின் புதிய வீடுகள்' என்று தலைப்புக் கொடுப்பது நகரத்தின் ஒரு பகுதியை மறைப்பது.

தாமதத்தைக் கேட்பதும் அளப்பதும்

கட்டுமான மேலாண்மையில் அதிகம் எழுதப்படும் தலைப்பு தாமதத்துக்கான காரணங்கள். முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய கட்டுரைகளிலிருந்து நாற்பது, ஐம்பது காரணங்களைத் திரட்டுவது, கூகுள் படிவத்தில் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவது, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்குவது, ஆர்.ஐ.ஐ. என்ற ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீட்டைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது. சவூதி அரேபியாவின் பெரிய கட்டுமானங்களைப் பற்றி 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு 73 காரணங்களைப் பட்டியலிட்டது. அந்த மாதிரிப் பட்டியல்களை எடுத்து, கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ பொருந்துமா என்று பார்க்காமல் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். ஆற்று மணல் கிடைக்காமல் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறியது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போன ஆட்கள் திரும்பாதது, வடகிழக்குப் பருவமழையில் அஸ்திவாரக் குழி நிரம்புவது எல்லாம் அந்தப் பட்டியலில் எங்கே?

ஆர்.ஐ.ஐ. கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லோரும் கொடுத்த மதிப்பெண்களைக் கூட்டி, 5-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் தொகையால் வகுக்கிறோம். 40 பேர் பதில் சொல்லியிருந்தால் வகுக்கும் எண் 200. ஒரே ஒருவர் 4-க்குப் பதில் 5 என்று குறித்திருந்தால் குறியீடு 0.005 மாறும். மூன்றாம் இடத்துக் காரணம் 0.815, நான்காம் இடம் 0.810 என்றால் அந்த வித்தியாசம் ஒரே மனிதரின் ஒரு சொடுக்கு. இதை வைத்து இரண்டு பக்கம் பரிந்துரை எழுதுவது நியாயமில்லை. வரிசை எண்ணை விட்டுவிட்டு, மேல் கூட்டம், நடுக் கூட்டம், கீழ்க் கூட்டம் என்று பிரித்துச் சொன்னால் போதும்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது பதில் சொல்பவர்கள் யார் என்பது. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். புராஜெக்ட் மேனேஜர், சைட் இன்ஜினியர், கன்சல்டன்ட் ஆகியோர் நிரப்புவார்கள். முடிவில் 'தொழிலாளர்களின் திறன் குறைவு' முதல் ஐந்துக்குள் வந்துவிடும். கொத்தனாரையோ, கம்பி கட்டுபவரையோ, சென்ட்ரிங் ஆளையோ, சித்தாளையோ, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களையோ யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு காரணங்கள் வந்திருக்கும்: கம்பி வந்து சேராமல் அரை நாள் உட்கார்ந்திருந்தோம், டிராயிங் மாறியதால் கட்டிய சுவரை இடித்தோம், வாரக் கூலி இரண்டு வாரம் தள்ளிப் போனதால் பாதிப் பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே இல்லாதவர்கள் மேல் பழியைப் போடுவதற்கு அறிவியல் முத்திரை குத்திக் கொடுப்பது சின்னத் தவறு அல்ல. ஹிந்தி தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கான்ட்ராக்டர் பக்கத்தில் நிற்காத நேரத்தில், சாப்பாட்டு வேளை முடிந்து பேசலாம்.

தாமதத்தை யாரிடமும் கேட்காமலே அளக்கவும் முடியும். அரசுப் பணிகளில் ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டர் என்ற ஒன்று உண்டு. என்ன தடை, எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது நீங்கியது என்று அதில் எழுதியிருக்கும். முடிந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் எம்-புக், அவ்வப்போது முடிந்த வேலைக்குப் பணம் கேட்கும் ஆர்.ஏ. பில் கொடுத்த தேதி, பணம் வந்த தேதி, டிராயிங் வர வேண்டிய நாள், வந்த நாள், தினசரி அறிக்கை எல்லாமே ஆதாரங்கள். இவற்றையும் எழுதியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும். கான்ட்ராக்டர் காலநீட்டிப்புக் கேட்கப் போகிறார் என்றால் மழை நாட்கள் கொஞ்சம் கூடுதலாகவே பதிவாகலாம். வானிலைத் துறையின் மழை அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், எல்லாத் தடையும் தாமதம் ஆகாது. ஃப்ளோட், அதாவது தள்ளிப்போட இடம், போதுமான அளவு உள்ள வேலை பத்து நாள் தள்ளிப் போனாலும் கட்டடம் முடியும் தேதி மாறாது. தள்ளிப் போனால் முடிவுத் தேதியையே தள்ளும் கிரிட்டிக்கல் பாதையில் உள்ள வேலையா என்று பார்க்காமல் நாட்களைக் கூட்டக் கூடாது. ஒரே திட்டத்தை இப்படி ஆவணங்களோடு அலசிய ஆய்வேடு, நூறு படிவங்களைவிட எனக்கு மேலானது.

எந்தத் தேதியிலிருந்து தாமதம் என்பதும் முக்கியம். 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களைப் புள்ளியியல் அமைச்சகம் கண்காணித்து அறிக்கை தருகிறது. திருத்திய முடிவுத் தேதியை வைத்துக் கணக்கிட்டால் தாமதமான திட்டங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று அந்த அறிக்கைகளே சொல்லியிருக்கின்றன. ரெரா திட்டங்களிலும் இதே கதை. 2020-ல் கொரோனாவால் ஆறு மாத நீட்டிப்பு கொடுக்கப்பட்டது. முதலில் சொன்ன தேதி, நீட்டித்த தேதி இரண்டையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

எண்ணிக்கைக்குள் என்ன இருக்கிறது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.47 கோடி வீடுகள் காலி, நகர்ப்புறத்தில் மட்டும் 1.11 கோடி. 2012-ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு சொன்ன நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி. இரண்டையும் கழித்து, காலி வீடுகளைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று எழுதுபவர்கள் உண்டு. கணக்கெடுப்பில் 'வீடு' என்பது கடை, அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சேர்த்தது. பற்றாக்குறையிலும் ஏறத்தாழ 1.5 கோடி, அதாவது 80 சதவீதம், இட நெருக்கடியால் வந்தது. அங்கே வீடு இருக்கிறது, அறை போதவில்லை. இன்னொரு அறை கட்டக் கடன் கொடுப்பதும் பல கிலோமீட்டர் தள்ளி ஃபிளாட் கட்டுவதும் ஒரே தீர்வு அல்ல. பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் மிகக் குறைந்த, குறைந்த வருவாய்க் குடும்பங்களுடையது என்பதையும் விட்டுவிடக் கூடாது.

'சென்னை' என்று எழுதும்போது எந்தச் சென்னை என்று சொல்லுங்கள். 2011 கணக்கெடுப்பின் 46.5 லட்சம் பேர் 174 சதுர கிலோமீட்டர் பழைய மாநகராட்சியில் இருந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் ஆனது.

வாடகை பற்றிய படிவங்களில் சொந்தம், வாடகை, மற்றவை என்று மூன்று கட்டம் இருக்கும். போக்கியம் அல்லது ஒத்தி எங்கே போகும்? சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பவர்களை வாடகை 0 என்று பதிந்தால் சராசரி கெட்டுவிடும். அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியதா, அதற்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேட்டால்தான் உண்மையான வீட்டுச் செலவு வரும்.

நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு வீடு ஒதுக்கிய கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் திருப்தி அளவெடுக்கும் ஆய்வுகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் போனால் வேலைக்குப் போனவர்கள் இருக்க மாட்டார்கள். பழைய இடத்துப் பக்கமே வாடகைக்குத் திரும்பிப் போனவர்கள் எந்த நேரத்திலும் இருக்க மாட்டார்கள், அதிகத் துயரம் அவர்களுடையதாக இருக்கலாம். ஒதுக்கீட்டுப் பட்டியலையும் இப்போது குடியிருப்பவர்களையும் ஒப்பிட்டு, எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வீடுகளை ஒதுக்கிய அரசு வாரியத்தைச் சேர்ந்தவர் யாரையும் உடன் அழைத்துப் போகக் கூடாது. வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்கவும் கூடாது, ஒதுக்கீடு ரத்தாகுமோ என்ற பயத்தில் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். மாலையிலும் ஞாயிறன்றும் போங்கள், மூன்று முறை போயும் பூட்டியிருந்த வீடுகளின் எண்ணிக்கையை ஆய்வேட்டில் தனி வரியாகக் கொடுங்கள்.