லொறி வில்லுத்தகட்டிலிருந்து ஒரு கூத்து வாள்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

லொறியின் பாரத்தைப் பல ஆண்டுகள் தாங்கித் தளர்ந்துபோய், கறள் பிடித்த நிலையில் பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும் வில்லுத்தகட்டில் இருப்பது முதல்தரமான உருக்கு. அதிலிருந்து, கைப்பிடியுடன் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் நீளமான, கூர் தீட்டாத, நாட்டுக்கூத்து மேடையில் அரசன் இடையில் அணியத்தக்க அல்லது சுவரில் மாட்டத்தக்க ஒரு முரட்டு வாளைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். இத்தொழிலைப் புதிதாகக் கற்பவர்கள் சம்மட்டி அடிப்பதையே பெரிய வித்தையாக எண்ணுகிறார்கள். உருக்கின் சூட்டைக் கண்ணால் அறியும் பழக்கமே வாளின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே சூடு பற்றிய பகுதிகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கூர் தீட்டாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர், வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டதைக் கொழும்பில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உலை மூட்டுவதற்கு முன்னரே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் நோக்கத்தைச் சொல்லி, அனுமதி தேவையா என்பதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அயலவருக்கும் சொல்லிவிடுங்கள்.

பொருள் சேர்த்தல்

பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளில் வில்லுத்தகடு கிடைக்கும். கனரக லொறியின் தடித்த தகடு தொடக்கநிலையினருக்கு வேண்டாம். 6 அல்லது 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறிய லொறித் தகடே போதும். ஜப்பானிய வாகனங்களில் பரவலாகப் பயன்படும் வில் உருக்கில் காபன் 0.5 முதல் 0.6 வீதம் வரை இருக்கும். அதனுடன் மங்கனீசும், வகைக்கேற்பக் குரோமியம் அல்லது சிலிக்கனும் கலந்திருக்கும். இந்தக் கலவை சுடவைத்து எண்ணெயில் தோய்க்கும்போது நன்கு இறுகும். இறுகியதை மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதம் பார்த்தால் வளைந்து மீளும்.

பழைய தகட்டில் மறைந்திருக்கும் ஆபத்து வெடிப்பு. ஓயாமல் வளைந்து நிமிர்ந்த உருக்கில், குறிப்பாக நடு ஆணித்துளையைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். கறளைத் தேய்த்து அகற்றிய பின் தகட்டில் மண்ணெண்ணெய் பூசி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து தூளில் ஈரக்கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். அடித்து ஒட்டவைக்கலாம் என்று எண்ணக்கூடாது.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டு நல்லதுதான், ஆனால் அது புகையிரதத் திணைக்களத்தின் சொத்தாக இருக்கக்கூடும் என்பதால் தவிர்த்துவிடுங்கள். லொறியின் பின் அச்சுத்தண்டை அதன் வட்டத் தட்டு மேலே வரும்படி புளியங்கட்டையில் ஆழமாக நட்டால் அதுவே போதுமான பட்டடை. ஒரு கிலோகிராம் சம்மட்டி, நீண்ட குறடு, அரங்கள், சிறிய கிறைண்டர், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஆகியவையும் வேண்டும். இல்லாதவற்றைப் பழைய சோனகத் தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

உலை

லொறியின் பழைய பிறேக் ட்ரம் உலைக்குப் பொருத்தமான பாத்திரம். அதில் படிந்திருக்கும் தூசியில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த தூரிகையால் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அடித்துளையின் மேல் துளையிட்ட தடித்த இரும்புத் தகட்டை வைத்து, கீழே குழாய் பொருத்தி, தலைமுடி உலர்த்தியால் காற்றூத வேண்டும். நாகமுலாம் பூசிய குழாயை நெருப்புக்கு அருகில் பயன்படுத்தக்கூடாது. சூடேறும்போது அதிலிருந்து வரும் புகை காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும்.

எரிபொருளாகச் சிரட்டைக்கரியைப் பரிந்துரைக்கிறேன். அது மலிவாகக் கிடைப்பதுடன் புகையின்றிக் கடுஞ்சூட்டைத் தரும். எனினும் உலையின் வெப்பத்தை ஆள்வது காற்றே. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் உலை கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி முற்காலத்தவர் இரும்பு உருக்கினார்கள் என்பதை அகழ்வாய்வுகள் வெளிப்படுத்தின. அந்த ஆய்வு 1996இல் வெளியாயிற்று. காற்றைக் கூட்டியும் குறைத்தும் தீயின் நிறம் மாறுவதைக் கவனிப்பதற்கென்றே முதல் நாளை ஒதுக்குங்கள்.

உலையைத் திறந்தவெளியில், நிழலில், மண்தரையில் வையுங்கள். வெயிலில் உருக்கின் நிறம் தெரியாது. சீமெந்துத் தரை சூடேறினால் வெடித்துச் சிதறும். பருத்தி உடை, தோல் சப்பாத்து, கண்காப்புக் கண்ணாடி ஆகியவை கட்டாயம். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும், ஏனெனில் எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

அடித்து உருவாக்கல்

தகட்டிலிருந்து 45 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பட்டியைக் கிறைண்டரால் வெட்டிக்கொள்ளுங்கள். அதே தகட்டிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு மாதிரித் துண்டுகளையும் வெட்டி வையுங்கள். அவற்றின் பயன் பின்னால் தெரியும். வாளின் வடிவத்தைப் பலகையில் முழு அளவில் வரைந்து கொள்வது நல்லது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்று, ஒருபக்க விளிம்பும் இலேசான வளைவும் கொண்ட, கஸ்தானை எனப்படும் சிங்களப் பாரம்பரிய வாள்களைப் பார்த்து வாருங்கள். அவற்றின் சிங்கமுகப் பிடியை நாம் செய்யப்போவதில்லை. அலகின் அகலம் நுனியை நோக்கி எப்படிக் குறைகிறது என்பதை மட்டும் மனத்தில் பதியவைத்தால் போதும்.

பட்டியை ஒளிரும் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சுடவைத்து அடியுங்கள். நிறம் மங்கிய சிவப்பாக இறங்கியதும் நிறுத்திவிட்டு மீண்டும் உலையில் வையுங்கள். மங்கிய சிவப்பில் அடித்தால் உருக்கு உள்ளே பிளக்கும். வெண்மையாகி மத்தாப்புப்போலப் பொறி சிந்தினால் உருக்கு எரிந்துவிட்டது; அந்த இடத்தை இனி மீட்க முடியாது. முதலில் வளைவை நிமிர்த்தி, அடுத்து நுனியைக் கூம்பாக்கி, பின்னர் பிடிக்குள் போகும் வாற்பகுதியை 12 சென்ரிமீற்றருக்கு நீட்டுங்கள். விளிம்பை மெல்லியதாக்கும்போது அலகு முதுகுப் பக்கமாக வளையும். ஒவ்வொரு சூட்டிலும் அதை நேராக்கிவிடுங்கள். அலகும் வாற்பகுதியும் சேரும் தோள்களில் செங்கோண மூலை இருக்கக்கூடாது. வட்ட அரத்தால் உருட்டிவிட வேண்டும். கூரிய மூலையில்தான் முறிவு தொடங்கும்.

பிறகு அலகை இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்தால், சூட்டில் மேலே படிந்த கருந்தோல் கழன்றுவிடும். அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி உலர்த்தி, அரத்தால் வடிவத்தைச் செம்மைப்படுத்துங்கள். விளிம்பில் 2 மில்லிமீற்றர் தடிப்பு எஞ்சியிருக்கட்டும். நுனியை மழுக்கி உருட்டுங்கள். பிடியின் ஆணித்துளைகளையும் இப்போதே துளைத்துவிட வேண்டும், ஏனெனில் இறுகிய பின் துளையிடுவது மிகக் கடினம்.

சூட்டுப் பதம்

பிறேக் ட்ரம் உலை ஒரு சாண் நீளத்தையே ஒரே நேரத்தில் சுடவைக்கும். வாளை இறுக்குவதற்கு முழு அலகும் ஒரே நிறத்தில் ஒளிர வேண்டும். அதற்குச் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு 60 சென்ரிமீற்றர் நீளமான வாய்க்கால் கட்டி, வரிசையாகத் துளையிட்ட முலாமற்ற இரும்புக் குழாயை அடியில் கிடத்திக் காற்றூதுங்கள். களிமண் முற்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் உருக்கைத் தணிக்க வேண்டும். அலகு சிவக்கும்போது காந்தத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தை இழுக்காது. அதைச் சற்றுத் தாண்டியதும் வெளியே எடுத்து, காற்றோட்டமில்லாத இடத்தில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்தால் அடியினால் ஏறிய இறுக்கம் தளர்ந்து, உருக்கின் மணிகள் நுண்மையாகும். தோய்க்கும்போது கோணுவதும் குறையும்.

இப்போது மாதிரித் துண்டுகளை எடுங்கள். அவற்றையும் அலகைப் போலவே மூன்று முறை தணியுங்கள். பின்னர் ஒன்றைக் காந்தம் விடும் நிறத்துக்குச் சற்று மேலே, அதாவது 830 முதல் 850 பாகை வரை ஏற்றி எண்ணெயில் தோய்த்து, பிடிகருவியில் வைத்து, சாக்கால் மூடி, சம்மட்டியால் முறித்துப் பாருங்கள். முறிந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி. சீனி மணிகளைப் போல மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. இரண்டாவது துண்டில் குறைத்துப் பாருங்கள். சரியாக வந்த அந்த நிறத்தைக் கண்ணில் பதித்துக்கொண்ட பிறகே அலகைத் தொட வேண்டும்.

தோய்ப்பதற்கு அடி மூடிய, அலகைவிட ஆழமான இரும்புக் குழாயில் சமையல் எண்ணெயை நிரப்பி 50 முதல் 60 பாகை வரை சூடாக்குங்கள். கழிவு எஞ்சின் எண்ணெயின் புகை நச்சுத்தன்மை உள்ளது. அலகை நுனி கீழாக, பக்கவாட்டில் அசைக்காமல் நேராக இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடிவிடலாம். வெளியே எடுத்ததும் கோணல் தெரிந்தால், சூடு முற்றாக இறங்குவதற்குள் இருக்கும் சில விநாடிகளில் கையுறையுடன் மெல்ல நேராக்கலாம். ஆறிய பின் முயன்றால் கண்ணாடியாய் உடையும். அரம் வழுக்கிச் சென்றால் அலகு இறுகிவிட்டது என்று பொருள்.

இறுகிய அலகை அப்படியே விட்டுவைக்காமல் அன்றைக்கே பதம் பார்க்க வேண்டும். மேற்பரப்பை உரசி வெண்மையாக்கி, வாய்க்காலில் சூடேற்றிய தடித்த இரும்புக் குழாய்க்குள் அலகைச் செலுத்தித் திருப்பிக்கொண்டே இருங்கள். வைக்கோல் மஞ்சள் 220 பாகையிலும், ஊதா 280 பாகையிலும், நீலம் 300 பாகையிலும் தோன்றும். நம் வாள் வெட்டும் வாளன்று. அதனால் கடினத்தைவிட வளைந்துகொடுக்கும் தன்மையே முக்கியம். முழு அலகும் நீலமாகும்வரை பொறுமையாகச் சுடவைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். பின்னர் பிடிகருவியில் பொருத்தி, கண்காப்புடன் இலேசாக வளைத்துப் பாருங்கள். விட்டதும் நேராக மீள வேண்டும்.

பிடியும் பராமரிப்பும்

பழைய யன்னல் கம்பியைத் தட்டையாக அடித்து, நடுவில் துளை வெட்டி, கைக்காப்பாக வாற்பகுதியில் செருகுங்கள். பிடிக்கு, உடைத்த வீடுகளின் கதவு நிலையிலிருந்து கிடைக்கும் பலா அல்லது தேக்குத் துண்டு இரண்டு போதும். அரல்டைற் பசை பூசி, பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்து இருபுறமும் தட்டிவிடுங்கள்.

கொழும்பின் உப்புக்காற்றில் உருக்கு விரைவில் கறள் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாட்பட்டால் பிசுபிசுக்கும் என்பதால் தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசி, மாதம் ஒருமுறை துடைத்துப் புதுப்பியுங்கள். தோல் உறைக்குள் நீண்டகாலம் வைத்தால் ஈரம் தங்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். கூத்துக்கு எடுத்துச் செல்லும்போதும் பெட்டியுடனேயே கொண்டுபோய், மேடை முடிந்ததும் அதற்குள்ளேயே திருப்பி வைத்துவிடுங்கள்.