கத்திரிக்கு முன் மீன் குளத்தைத் தயார் செய்வது எப்படி?

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு விட்டிருப்பவர்கள் ஏப்ரல் நடுவிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். மீன் சுணங்கிய பிறகு பீட்டா குளுக்கான் வாங்க ஓடிப் பயனில்லை. அது நோய்க்கு மருந்து இல்லை. கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்களை உசுப்பி வைக்கிற பொருள். முன்கூட்டியே கொடுத்தால்தான் பலன்.

1. தண்ணீரின் சூட்டை அளந்து பாருங்கள். பிற்பகல் 3 மணிக்கு ஒரு முறை, விடியுமுன் ஒரு முறை. துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், அது மேல்தண்ணீரை மட்டுமே காட்டும். சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரை ஒரு பாட்டிலுக்குள் வைத்துக் கல் கட்டி அடியில் இறக்கி, கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீரோடு தூக்குங்கள். கெண்டைகளுக்கு 25 முதல் 32 டிகிரி வரை நல்லது. அதைத் தாண்டி நீடித்தால் மீன் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புச் சக்தி இறங்கும். குளத்தில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் பாக்டீரியா அப்போதுதான் தாக்கும்: செதிலடியில் சிவப்பு, பிறகு புண்.

2. ஆக்சிஜன். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். 35 டிகிரியில் 7 தான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். நள்ளிரவுக்குப் பின் தொடங்கி வெயில் ஏறும்வரை ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓடட்டும். இதைச் செய்யாமல் எந்தப் பவுடரும் வேண்டாம்.

3. பீட்டா குளுக்கானையும் வைட்டமின் சி-யையும் தீவனத்தில் கலப்பது. பலருக்கும் சறுக்குகிற இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி முழுக்க ஆற விடுங்கள். சூட்டோடு கலந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிராம் பீட்டா குளுக்கான் என்பது பொதுவான அளவு, ஆனால் பாக்கெட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். வைட்டமின் சி-யில் பாஸ்பேட் சேர்ந்த வகையே என் தேர்வு. சாதாரண வகை சீக்கிரம் கெட்டுவிடும். பவுடரைக் கஞ்சியில் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒரு சோதனை: பத்து உருண்டையை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே தண்ணீர் கலங்கினால் பூச்சு ஒட்டவில்லை, குளத்தில் போட்டாலும் கரைந்துதான் போகும். கஞ்சியை இன்னும் கெட்டியாக்குங்கள்.

4. இரண்டு மூன்று வாரம் கொடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள். விடாமல் கொடுத்தால் பலன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் காலையில் தீவனமே போடாதீர்கள்.

பின்சேர்க்கை: பேக்கரி ஈஸ்ட்டையே கலக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்ட் சுவரில் பீட்டா குளுக்கான் உண்டு, ஆனால் மேலே வேறு அடுக்கு மூடியிருக்கும். பிரித்தெடுத்த பவுடரையே வாங்குங்கள்.