தானியங்கி காரின் கியர் தேர்வியைச் சோதித்து வாங்குவது எப்படி

கார் வாங்கச் செல்வோர் மைலேஜையும் ஏர்பேக்குகளின் எண்ணிக்கையையும் விசாரிக்கும் அளவுக்குக் கியர் லிவரைப் பற்றி விசாரிப்பதில்லை. கிளச்சை மிதித்து ஓட்டிய காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த லிவர் பின்னர் இருக்கைகளுக்கு நடுவே இறங்கியது என்பதைத் தவிர, பல ஆண்டுகள் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. இன்று தானியங்கி கார்களில் லிவர், திருகு குமிழ், பொத்தான், ஸ்டீயரிங் அருகே தண்டு, தொடுதிரை என ஐந்து வகைத் தேர்விகள் வந்துவிட்டன. ஓட்டுநர்களின் விருப்பமும் அவற்றுக்கேற்பப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் அழகையும் இடவசதியையும் விட முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கண் சாலையில் இருக்கும்போது, கார் எந்த நிலையில் இருக்கிறது என்பது கைக்குத் தெரிகிறதா?

பழைய வகைத் தானியங்கி லிவர் ஒரு கேபிள் வழியாகக் கியர்பாக்ஸுடன் நேரடியாக இணைந்திருக்கும். லிவரை முன்கோடிக்குத் தள்ளினால் ‘பி’ (P, காரைப் பூட்டி நிறுத்தும் பார்க்கிங் நிலை), அது அங்கேயே நிற்கும், தொட்டாலே தெரியும். பின்னே செல்லும் ‘ஆர்’ (ரிவர்ஸ்) நிலைக்கும் முன்னே செல்லும் ‘டி’ (டிரைவ்) நிலைக்கும் நடுவே ‘என்’ (நியூட்ரல்) இருக்கும். இந்த வரிசை தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. தொடக்ககாலத் தானியங்கி கார்கள் சிலவற்றில் ரிவர்ஸ் வரிசையின் கடைசியில், முன்னோக்கிச் செல்லும் கீழ்கியருக்கு அடுத்ததாக இருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் பின்னர் ரிவர்ஸுக்கும் முன்கியர்களுக்கும் இடையே நியூட்ரல் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. மின்னணுத் தேர்வியில் கேபிள் இல்லை. அது கணினிக்கு ஒரு கட்டளையை மட்டும் அனுப்புகிறது. ஆகவே எந்த வடிவத்திலும், எந்த இடத்திலும் அதைப் பொருத்தலாம். தள்ளிவிட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் லிவரும் இதனால்தான் சாத்தியமாயிற்று.

அத்தகைய லிவரில் என்ன நேரலாம் என்பதை 2016ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. ஜீப் கிராண்ட் செரோக்கி, கிரைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர் ஆகிய கார்களில் இருந்த லிவர் எந்தக் கியரைத் தேர்ந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பியது. ‘பி’யில் போட்டுவிட்டதாக நம்பி இறங்கியவர்களின் கார்கள் உருண்டன. அவ்வாண்டு ஏப்ரலில், உலகெங்கும் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்பப் பெறுவதாக அவற்றைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் அறிவித்தது. ஜூன் மாதத்தில் நடிகர் ஆன்டன் யெல்சின் தம் வீட்டு வாசல் சரிவில் உருண்டுவந்த தமது கிராண்ட் செரோக்கியால் நசுக்கப்பட்டு இறந்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முற்பட்டால் காரே ‘பி’க்குச் செல்லும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். எனவே ஷோரூமில் முதலில் இதைக் கேளுங்கள்: ‘டி’யில் இருக்கும்போது ஓட்டுநர் கதவைத் திறந்தால் இந்தக் கார் என்ன செய்யும்? விற்பனையாளர் சொல்லும் பதிலோடு நிற்காமல், சமதளத்தில், பிரேக்கை அழுத்தியபடியே அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

வகைகளில் திருகு குமிழ் இடத்தை மிச்சப்படுத்துகிறது. டியாகோ இ.வி., காமெட் போன்ற சிறிய மின்கார்களில் அது பொருந்தி வருகிறது. ஆயினும் ஏ.சி. குமிழுக்கு அருகில், அதே அளவில் அது அமைந்திருந்தால் வேண்டாம் என்பேன். முடிவில்லாமல் சுற்றும் குமிழைவிட இரு பக்கமும் முட்டி நிற்கும் குமிழ் நல்லது. பொத்தான்களில், 2018இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சி.ஆர்.-வி. டீசலில் இருந்த அமைப்பை நான் மதிக்கிறேன். ‘டி’யை அழுத்த வேண்டும், ‘ஆர்’ சுவிட்சையோ விரலால் பின்னோக்கி இழுக்க வேண்டும், ஆகவே விரலே வேறுபாட்டை உணர்கிறது. எல்லாப் பொத்தான்களும் ஒரே மாதிரி வரிசையாக இருக்கும் அமைப்பில் இந்த நன்மை இல்லை. டெஸ்லாவின் புதிய கார்களில் திரையில் விரலை மேலும் கீழும் இழுத்து திசையை மாற்ற வேண்டும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் அதைச் செய்வது கடினம் என்பதால் என் பட்டியலில் அது கடைசி.

ஸ்டீயரிங் அருகே உள்ள தண்டு எனக்குப் பிடித்த தீர்வு. ஹூண்டாய் அயோனிக் 5இல் தண்டின் முனையை முன்னோக்கித் திருகினால் கார் முன்னே செல்லும். பின்னோக்கித் திருகினால் பின்னே செல்லும். முனையை அழுத்தினால் ‘பி’. கையின் அசைவும் காரின் அசைவும் ஒரே திசையில் இருப்பதால் ஓரிரு நாளில் பழகிவிடும். மெர்சிடிஸ் கார்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அவற்றில் வலப்பக்கத் தண்டுதான் கியர். மாருதியிலும் ஹூண்டாயிலும் பழகியவருக்கு வலப்பக்கத் தண்டு என்றால் இண்டிகேட்டர். திரும்புவதற்கு சிக்னல் போடுவதாக நினைத்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட வாய்ப்புண்டு. இரண்டு கார்களையும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது சிறிய செய்தியன்று.

சோதனை ஓட்டத்தை நேர்சாலையில் மட்டும் முடித்துவிடாதீர்கள். நேர்சாலையில் எல்லாத் தேர்விகளும் நன்றாகவே தோன்றும். குறுகிய தெருவில் முன்னும் பின்னுமாக எடுத்து காரைத் திருப்பிப் பாருங்கள். எதிரே ஓர் ஆட்டோ காத்திருந்தால் இன்னும் நல்லது. ‘டி’யிலிருந்து ‘ஆர்’, மீண்டும் ‘டி’ என்று குனிந்து பார்க்காமல் மாற்ற முடிகிறதா, கட்டளை கொடுத்த பிறகு கார் தயங்குகிறதா, கார் முழுவதும் நிற்பதற்கு முன் மாற்றினால் அதை ஏற்காமல் விட்டுவிடுகிறதா என்று கவனியுங்கள். காரை ஓட்டப் போகிறவர் அனைவரும் இதைச் செய்ய வேண்டும். வீட்டில் பெரியவரும் ஓட்டுவார், அவ்வப்போது ஆக்டிங் டிரைவரும் வருவார் என்றால், புதிதாக அமர்பவருக்கும் விளங்கும் சாதாரண லிவரே பாதுகாப்பானது.

மலைப்பாதை அடிக்கடி செல்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ்கியரில் நிறுத்திவைக்க ‘எல்’ (கீழ்கியர்), ‘எம்’ (கியரை நாமே மாற்றும் நிலை) அல்லது பி.எம்.டபிள்யூ. பாணியில் கூட்டல் கழித்தல் வசதி ஏதாவது இருக்க வேண்டும்; டொயோட்டா ஹைபிரிட்கள் சிலவற்றில் ‘P’ என்ற பார்க்கிங் நிலையைத் தவிர, இறக்கத்துக்கென்றே ‘B’ என்ற தனி எழுத்து உண்டு. கூட்டல் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். பி.எம்.டபிள்யூ.வில் முன்னே தள்ளினால் கியர் குறையும். ஹூண்டாயில் முன்னே தள்ளினால் கூடும்.

2014இல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கார்களில் (சாதாரண கியர்பாக்ஸின் கிளச்சையும் கியரையும் கணினியே இயக்கும் வகை) பெரும்பாலும் ‘பி’ என்ற நிலையே கிடையாது. ‘பி’ நிலை உள்ள வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கி காரிலிருந்து இதற்கு மாறுபவர்கள், நியூட்ரலில் விட்டு இறங்கினால் காரைத் தாங்குவது ஹேண்ட்பிரேக் மட்டுமே என்பதை மறக்கக்கூடாது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்து, கையேடு சொல்லும் கியரில் வைத்து, பிறகு என்ஜினை அணைக்க வேண்டும். ‘பி’ உள்ள காரிலும் சரிவில் ஹேண்ட்பிரேக்தான் முதலில்: பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காரின் எடை அதன்மேல் அமர்ந்த பிறகு ‘பி’க்குச் செல்லுங்கள். இல்லையேல் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் உள்ள சிறிய பூட்டுப் பல்லின்மேல் விழும். மறுநாள் லிவரை எடுக்கும்போது அடிபட்டதுபோல் ஓசை கேட்கும்.

கடைசியாக, கல்யாண மண்டப வாசலில் குறுக்கே நிறுத்தி நியூட்ரலில் விட்டுச் செல்லச் சொல்லும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கேபிள் லிவர் உள்ள பல கார்களில் லிவருக்கு அருகே ஒரு சிறு மூடிக்குள் லிவரின் பூட்டை விடுவிக்கும் வழி இருக்கும். மின்னணுத் தேர்வியில் அணைத்தவுடன் கார் தானே ‘பி’க்குச் சென்றுவிடலாம், 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளிக்கூட நகர்த்த முடியாமல் போகலாம். நியூட்ரலில் நிறுத்தும் முறையையும் பேட்டரி செயலிழந்தால் இழுத்துச் செல்லும் முறையையும் டெலிவரி எடுக்கும் நாளிலேயே சர்வீஸ் ஆலோசகரிடம் செய்து காட்டச் சொல்லி, கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.