இடைவெளிக்கு என்ரரைத் தட்டாதீர்கள்

பெரியம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, வீட்டில் வேர்டில் நான்தான் ரைப் பண்ணினேன். வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம், தேவாரம் அடுத்த பக்கம், எல்லாவற்றையும் என்ரரைத் தட்டித் தட்டியே கீழே தள்ளியிருந்தேன். அச்சகத்தில் நான் அடித்த பாமினி என்ற பழைய எழுத்துருவை யூனிகோட்டுக்கு மாற்றினார்கள், எழுத்தின் அகலம் மாறியதும் வரிகள் கூடி, தேவாரம் பாதி இங்கே பாதி அங்கே, நடுவில் ஒரு வெறும் பக்கம். பிழை என்னுடையதுதான்.

வேர்டில் என்ரர் என்றால் அடுத்த வரி இல்லை, பந்தி முடிந்தது என்று அர்த்தம். சும்மா இன்னொரு தடவை தட்டினால் எழுத்தே இல்லாத ஒரு பந்தி அங்கே குந்திக்கொள்ளும். நம்பாவிட்டால் கொன்ரோல், சிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அமத்திப் பாருங்கள், தட்டிய ஒவ்வொரு என்ரருக்கும் இரட்டைக் கால் வைத்த ஒரு குறி தெரியும். எனக்கு ஒரு பக்கத்திலேயே இருபதுக்கு மேல்.

வரிகள் தள்ளி இருக்கவேண்டுமா? பந்திக்குள் கேர்சரை வைத்து கொன்ரோலோடு 1 அமத்தினால் ஒற்றை, 5 ஒன்றரை, 2 இரட்டை இடைவெளி. பந்திக்கு மேலே இடம் வேண்டுமென்றால் கொன்ரோலோடு 0, அது 12 பொயின்ற் விடும், திரும்ப அமத்தினால் எடுத்துவிடும். பரகிராஃப் பெட்டியில் வரி உயரத்தை ஒரே அளவில் பூட்டிவைக்கும் 'எக்ஸாக்ட்லி' என்று இருப்பதை மட்டும் யோசித்துத் தொடுங்கள், அளவு குறைந்தால் கீ, ணீ போன்றவற்றின் மேற்சுழி வெட்டுப்பட்டுப் போகும்.

புதிய பக்கத்துக்கு கொன்ரோல் என்ரர், ஒரே ஒரு தடவை.

தேவாரத்துக்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். நாலு வரியும் ஒரே பாட்டு, ஒரே பந்தி, அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் சிப்ட் என்ரர், பாட்டு முடிந்ததும் தனி என்ரர். அப்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான் இடம் விழும், வரிக்கு வரி விழாது. ஜஸ்ரிபை போட்டிருந்தால் வரிகள் இரண்டு கரைக்கும் இழுபட்டு நிற்கும், இடப்பக்கமாகவோ நடுவாகவோ மாற்றிவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே தட்டித் தள்ளிவிட்டீர்களா? முதலில் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் கொன்ரோல் எச், 'மோர்', 'ஸ்பெஷல்' போய், தேடும் பெட்டியில் பரகிராஃப் மார்க்கை இரண்டு தடவையும் மாற்றும் பெட்டியில் ஒரு தடவையும் போட்டு 'ரீப்ளேஸ் ஓல்' கொடுங்கள். மூன்று நாலு என்ரர் அடுக்கியிருந்த இடங்களுக்கு அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும்.