தொழிலில் மாட்டிய திறன்புள்ளிகள்
எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் 50-ஆம் நிலை தொட்டும், நிலவறைக்குள் என் அடி எதிரிக்கு உறைக்கவே இல்லை. கவசம் மாற்றியும் பயனில்லை. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஸ்கைஷார்ட் என்ற ஒளிர்துண்டுகளைத் தேடி அலைந்தேன். மூன்று சேர்ந்தால்தான் திறன் கற்கச் செலவிடும் ஒரு திறன்புள்ளி, அதையும் பொருள் செய்யும் தொழில்களான கொல்லர் வேலையும் தையலும் விழுங்கின. கூட விளையாடும் கொழிஞ்சாம்பாறை மச்சான் சொன்னான்: “தொழிலை உன்னோட இன்னொரு கதாபாத்திரத்துக்குத் தள்ளுடா.” விளையாட்டின் தலைநகரச் சன்னிதியில் தங்கக் காசு செலுத்தி, புள்ளிகளை மீட்டுச் சண்டைக்கே போட்டேன். சரியாகிவிட்டது, அப்பாடா!

பலர் கவனிக்காதது இது: பொருளை உடைத்துப் பிரிக்கப் புள்ளியே வேண்டாம், தொழில் அனுபவம் தானாக ஏறும். உயர்ந்த உலோகத்தில் புதிதாகச் செய்யத்தான் புள்ளி தேவை. வங்கி எல்லாக் கதாபாத்திரங்களுக்கும் பொது என்பதால், கிடைக்கும் வாளையெல்லாம் அதில் போட்டுவிடுகிறேன். தொழிலுக்கென வைத்த என் இரண்டாம் கதாபாத்திரம் எடுத்து உடைக்கிறான். அதுவும் வேறொருவர் செய்த பொருள் என்றால் அனுபவம் இன்னும் கூடுதல்.